சிக்னல் கிடைக்கிற ஜன்னல்

அந்தப் பாக்கு சொசைட்டியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்த நாளிலிருந்து, நாகவேணி இரண்டு பேச்சை மட்டும் யார் வாயிலிருந்தும் கேட்டதில்லை. ஒன்று, 'நான்தான் பண்ணினேன்.' இன்னொன்று, 'எனக்குத் தெரியாது.'

மற்றதெல்லாம் கேட்டிருக்கிறாள். ஒண்ணுமே பண்ணல, அதுவா போச்சு என்பார்கள். நேற்று சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு என்பார்கள். எடை போடுமிடத்தில் பிரிண்டர் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். அதன் வயிற்றுக்குள் கையை விட்டு அவள் ஒரு வெற்றிலைக் காம்பை உருவி எடுத்துக் காட்டுவாள். சுற்றி நிற்கிற அத்தனை பேர் வாயும் சிவந்திருக்கும்; ஆனாலும் வெற்றிலை என்ற ஒன்றையே இன்றைக்குத்தான் பார்ப்பதுபோல் அந்தக் காம்பைப் பார்ப்பார்கள்.

ஃபேன் சுற்றவில்லையென்றாலும் நாகவேணிதான். தலைவர் வீட்டு டி.வி.யில் படம் வரவில்லையென்றாலும் நாகவேணிதான். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், இந்தப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். எதுவாவது நின்றுபோனால், இத்தனை நாளும் இவள் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்பார்கள். சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த வேலையை அவள் திட்டாத நாள் கிடையாது.

நவராத்திரி விடுமுறை கழிந்து சொசைட்டி திறந்த காலை, சிர்சி மலைப்பக்கத்து மழை விட்டும் விடாமலும் இருந்தது. முற்றத்தில் பாக்கு மூட்டைகள் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. விவசாயிகள் இறங்காமல் டெம்போக்களிலேயே குந்தியிருந்தார்கள். மேனேஜர் விக்னேஸ்வர பட் வாசலிலேயே காத்திருந்தார். நல்ல மனுஷர், நெற்றியில் எப்போதும் புதுச் சந்தனம் இருக்கும். ஆயுத பூஜை ஜோராக நடந்ததென்றும், அவள் இல்லாததுதான் குறையென்றும், அவளுக்கென்று எடுத்து வைத்த பிரசாதக் கோசம்பரி கெட்டுப்போனதென்றும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் போகிறபோக்கில் சொல்வதுபோல் சொன்னார்.

"உள்ள இருக்கற பெரியவர் மட்டும் இன்னும் எழுந்திரிக்கல, தங்கச்சி."

பெரியவர் என்பது சர்வர். எந்த மூட்டை யாருடையது, என்ன எடை, ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அந்தப் பெயரை வைத்ததும் நாகவேணிதான். வேலைக்கு வந்த முதல் வருஷம் ஆயுத பூஜையன்று எல்லாவற்றையும் நிறுத்திப் பொட்டு வைக்க வேண்டும் என்று அவர்கள் நின்றபோது, வெளியே இருக்கிற கம்ப்யூட்டர்கள் கருவிகள், அவை ஓயட்டும். உள்ளே இருக்கிறவர் பெரியவர், கருவறை விளக்கு மாதிரி, அவரை அணைக்கக் கூடாது என்று சொல்லி வைத்தாள். அதன்பின் ஒவ்வொரு வருஷமும் பூஜைக்கு அவளே நின்று, பெரியவருக்கு ஒரு பொட்டு மட்டும் வைத்து, மாலையைக் காற்றுப் போகும் துளைகளில் படாமல் தள்ளித் தொங்கவிட்டு வந்தாள்.

இந்த வருஷம் அவளால் நிற்க முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள்.

உள்ளறையைத் திறந்தாள். பெட்டியைச் சுற்றி மூன்று சுற்று சாமந்தி மாலை. சுவிட்சின் மேல் சந்தனம் காய்ந்து கட்டியாகியிருந்தது. காலடியில் நறுக்கிய எலுமிச்சம்பழம். அவள் இதழ் இதழாகப் பிய்த்தெடுத்துச் சுத்தம் செய்துவிட்டுச் சுவிட்சை அழுத்தினாள். உள்ளே ஏதோ ஒன்று பல்லி மாதிரி உச்சுக்கொட்டியது, நின்றது, மறுபடி உச்சுக்கொட்டியது.

யார் நிறுத்தியது என்று கேட்டாள். நாங்க எதையும் தொடல, குங்குமம் வச்சோம், அவ்வளவுதான் என்றார் பட்.

"பேட்டரியும் அணைஞ்சிருக்கு அண்ணே. அது தானா அணையாது."

"அது கத்துச்சும்மா. மந்திரம் சொல்லிட்டிருக்கும்போது கீகீன்னு கத்தினா எப்படி?"

"அப்போ நிறுத்தினீங்க."

"நிறுத்தல," என்றார் பட். "அமைதிப்படுத்தினோம்."

விஷயம் இதுதான். பழைய டிஸ்க் தேய்ந்துபோயிருந்தது. அதிலிருந்ததையெல்லாம் புதியதற்கு மாற்ற நிறைய நேரம் பிடிக்கும். எல்லாரும் கம்ப்யூட்டரை விட்டு விலகி நிற்கிற நாள் வருஷத்தில் ஆயுத பூஜைதான் என்பதால், அதற்கு முந்தின சாயங்காலம் அவள் அந்த வேலையைத் தொடங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். வீடு மாறும்போது பாதிச் சாமான் வண்டியிலும் பாதி வீட்டிலும் இருக்கையில் வீடும் இடிந்து வண்டியும் கவிழ்ந்தால் எப்படியோ, அப்படி ஆகிவிட்டது. பழைய டிஸ்க் எழுந்திருக்கவேயில்லை. புதியதில் இருந்த பாதியில் எதுவும் முழுசாக இல்லை. நகல் வைக்கத் தனியாக ஒரு பெட்டி வேண்டும் என்று அவள் கேட்டது ஒவ்வொரு கூட்டத்திலும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. சீசனுக்கு முன்னால் எடுத்த பழைய நகல் ஒன்றுதான் மிச்சம். இந்தச் சீசனில் வந்த பாக்கு மொத்தமும் கணக்கில் இல்லாமல் போனது.

மத்தியானத்துக்குள் ஏலம் நின்றுபோன சேதி முற்றம் முழுக்கப் பரவியது. கம்ப்யூட்டர் பண்டிகைக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருக்கு, விருந்து முடிஞ்சு வரும் என்று ஒருவர் சொல்ல, டெம்போக்காரர்கள் சிரித்தார்கள். நாகவேணி சிரிக்கவில்லை. தலைவர் ஸ்ரீபாத ஹெக்டே போனில் கூப்பிட்டு, வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது, ஹூப்ளியில் ஒரு கம்பெனி இந்த வேலையை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது, அவள் என்ன சொல்ல வேண்டுமோ அன்றைக்குச் சொல்லலாம் என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாததுதான் பயமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு அவள் பட் பக்கம் திரும்பினாள். அவர் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவரை அணைக்கக் கூடாது என்று உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கேட்டாள்.

"அந்த ஞாபகம் இருந்ததாலதான் சும்மா தொடல, தங்கச்சி," என்றார் பட், தலை நிமிராமல். "உங்க வீட்டுக்குப் போன் பண்ணேன். நிறுத்தலாமான்னு கேட்டேன். நிறுத்துங்கன்னு பதில் வந்துச்சு."

"யார் சொன்னாங்க?"

"உங்க அத்தைதான்."

நாகவேணிக்கு அதுவரை அது தெரியாது.

அவள் வாழ்க்கைப்பட்ட வீடு ஹொன்னேகத்தேயில், மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருந்தது. அங்கே போனுக்கு சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்று. பூஜை அறையை ஒட்டிய ஜன்னல். அந்த ஜன்னல் விளிம்பில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்து, அதற்குள் வீட்டுப் போன்களையெல்லாம் நட்டு வைத்திருப்பார்கள். மாதத்தில் மூன்று நாள் அவள் அந்தப் பக்கம் போக முடியாது. அந்த நாட்களில் அவளுக்குப் பின்கட்டுக் கொட்டகைதான். ஜன்னலுக்கு வெளிப்புறம் இருக்கிற துளசிமாடத்து முற்றத்தில்கூடக் கால் வைக்கக் கூடாது. கொட்டகையில் உட்கார்ந்து பாக்கு உரிப்பதற்கு மட்டும் தீட்டு கிடையாது. அதே நாட்களில் பஸ் ஏறிச் சொசைட்டிக்குப் போய் எல்லாக் கம்ப்யூட்டரையும் தொடுவதைப் பற்றி மாமியார் பாகீரதி எதுவும் கேட்டதில்லை. காணாததைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று விட்டிருந்தாள். ஆனால் ஆயுத பூஜைக்கு அங்கே போய் நிற்பதா? அதை நாகவேணியாலும் நினைக்க முடியவில்லை.

சாயங்காலம் அவள் வீடு வந்தபோது, கொட்டகையில் செப்பு அண்டாவில் பாக்கு வெந்துகொண்டிருந்தது. சிவந்த சாறு கொதித்து, துவர்ப்பு மணம் கண்ணைக் கரித்தது. கணவன் கஜானனன் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தான். பாகீரதி உரித்த பாக்கில் சொத்தையைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். நாகவேணி, காப்பிக்குப் பதிலாக அந்த வீட்டில் போடுகிற கஷாயத்தை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, பட் போன் பண்ணினாரா என்று கேட்டாள்.

"பண்ணான்," என்றாள் பாகீரதி. "கம்ப்யூட்டரை நிறுத்தலாமான்னு கேட்டான். நிறுத்துன்னேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அத்தை."

"நீ வெளிய உட்கார்ந்திருந்தே. நான் மடியா இருந்தேன். பூஜையைப் பாதியில விட்டுட்டு கொட்டாய்க்கு ஓடி வரச் சொல்றியா?"

"ஒரு குரல் கொடுத்திருந்தாக் கேட்டிருக்கும்."

"நைவேத்தியம் வச்சுட்டு யாராவது கத்துவாங்களா? அரிவாளை வச்சோம், கோடாலியை வச்சோம், கஜா வண்டியைக் கழுவி வச்சோம். எதையாவது ஓட விட்டோமா? கருவின்னா அன்னிக்கு ஓயணும். அவன் கேட்டான், சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்."

பாகீரதியின் கை நின்றது. "எனக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா இந்த வீட்டுல ஆயுத பூஜை பண்றவகிட்ட வந்து ஆயுத பூஜை தெரியாதுன்னு சொல்றா பாரு."

நாகவேணி வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். ஹூப்ளி கம்பெனியைப் பற்றியும் சொன்னாள். வேலை போனால் போகட்டும், தோட்டத்துக்கே ஆள் கிடைக்கவில்லை என்று பாகீரதி முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கஜானனன் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிடு என்றான். காய்ச்சலில் படுத்திருந்தவளுக்குப் போனை எடுத்துப் பேச ஒரு நிமிஷம் கிடைக்கவில்லையா என்று கேட்பார்களே என்றாள். அவன் நெருப்பைக் கிளறிவிட்டுச் சொன்னான்:

"அம்மா பேரைப் பத்து ஆம்பளைங்க நடுவுல இழுக்காதே, வேணி. இழுத்தா, நீ ஏன் போனை எடுக்கலன்னு கேப்பாங்க. அதுக்கு என்ன சொல்லுவே?"

"இருந்ததைச் சொல்லுவேன்."

"அதையா?" என்று கேட்டுவிட்டு, அந்த 'அது' என்ன என்று வாயில் வராமல், எரிகிற அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினான். சாறு பொங்கி அண்டாவின் விளிம்பில் வழிந்தது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் அந்தச் செத்த பெட்டியோடு மல்லுக்கட்டினாள். சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. தூக்கில் கொண்டுபோன மோர்த் தம்புளி புளித்துப் போனது. திட்டித்திட்டிப் பார்த்த வேலைதான். ஆனால் போய்விடும் என்றானபோது, பஸ் ஏறியதும் தான் ஒருத்தி வீட்டு மருமகள் இல்லை என்பதும், இறங்கும் இடத்தில் நாலு பேர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதும் அவளுக்குப் புதிதாகத் தெரிந்ததுபோல் இருந்தது. பிரிண்டருக்காகக் கூப்பிட்டாலும் அது அவள் பெயர். கவனமில்லாமல் எல்லாவற்றையும் தொலைத்தவள் என்ற பெயரோடு வெளியே போனால், இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சொசைட்டியும் அவளை உள்ளே விடாது.

வியாழக்கிழமை கூட்டத்தில் எல்லாருக்கும் டீயும் அவலும் வந்தது. கமிட்டிக்காரர்கள் எல்லாரும் ஆண்கள். பாதிப் பேர் கஜானனனுக்கு ஏதோ ஒரு வழியில் உறவு. ஸ்ரீபாத ஹெக்டே சால்வையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, ஒரு நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்டார். மாற்றும் வேலையைத் தொடங்கி வைத்துவிட்டு அவள் ஏன் வரவில்லை?

உடம்பு சரியில்லை என்றாள். என்ன உடம்புக்கு என்று ஓரத்திலிருந்து ஒருவர் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனாளா என்று இன்னொருவர் கேட்டார். அவ்வளவு முடியாமல் இருந்தால் வேலையைத் தொடங்கியே இருக்கக் கூடாதே என்றார் மூன்றாமவர். பட், அவர் பங்குக்கு, தான் போன் செய்து அனுமதி வாங்கித்தான் செய்ததாகவும், அவள் வீட்டிலிருந்தே நிறுத்தச் சொன்னதாகவும் எடுத்துச் சொன்னார். எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"அப்போ போன் உன் வீட்டுலதான் இருந்திருக்கு. நீயும் வீட்டுலதான் இருந்திருக்கே," என்றார் ஸ்ரீபாத ஹெக்டே. "நீ ஏம்மா எடுக்கல?"

நாகவேணி மேஜை மேலிருந்த அவல் தட்டைப் பார்த்தாள். காய்ச்சல் என்று இப்போதும் சொல்லலாம். சொன்னால் வீட்டில் யாருக்கும் தலை குனியாது. வேலை மட்டும் போகும்.

"நான் அன்னிக்கு வீட்டுக்குத் தூரம், தலைவரே," என்றாள். "மாசா மாசம் வர்றதுதான். அதனாலதான் பூஜைக்கும் வரல. போன் இருக்கறது பூஜை அறை ஜன்னல்ல. அங்க நான் போகக் கூடாது. எங்க அத்தை எடுத்தாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொன்னாங்க. உங்க வீடுகள்லயும் அதைத்தான் சொல்லியிருப்பாங்க."

ஒருவர் டீக் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் அங்கேயே நிறுத்தினார். ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டவர் தலைக்கு மேல் சுற்றிய ஃபேனை ஆராய்ந்தார். என்ன உடம்புக்கு என்று கேட்டவர்தான் அதிகமாகக் கஷ்டப்பட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார். அந்த அறையில் இருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படி ஒரு கொட்டகை இருந்தது. அதில் யார் உட்காருவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்த மேஜையில் அதை யாரும் ஒருநாளும் எடுத்து வைத்ததில்லை, அவ்வளவுதான்.

"என்னைக் கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்," என்றாள் நாகவேணி. "கேட்கற தூரத்துலதான் இருந்தேன்."

அந்தக் கமிட்டியில் எந்த விஷயமும் அத்தனை சீக்கிரம் முடிந்ததில்லை. ஸ்ரீபாத ஹெக்டே தொண்டையைச் செருமிக்கொண்டு, விவசாயிகள் கையில் எடைச் சீட்டு இருக்கிறது, அதை வாங்கி மறுபடி ஏற்றிவிடலாம்தானே என்றார். ஏற்றலாம் என்றாள். நகலுக்குத் தனிப் பெட்டி வாங்குவதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் என்று யாரோ ஆரம்பிக்க, அவர் கையை உயர்த்தி நிறுத்தி, இந்த வாரமே வாங்கு என்றார். ஹூப்ளி கம்பெனியைப் பற்றி அன்றைக்குப் பேச்செடுக்க யாருக்கும் தெம்பு இருக்கவில்லை.

வெயில் வந்தது, போனது. விவசாயிகள் நனைந்த சீட்டுகளைக் கொண்டுவந்தார்கள். வெற்றிலை எச்சில் பட்ட சீட்டுகளைக் கொண்டுவந்தார்கள். நாகவேணி ஒவ்வொன்றாக ஏற்றினாள். பட் இப்போது எதைத் தொடுவதானாலும் அவளைக் கேட்டார். டியூப் லைட்டை அணைக்கலாமா என்று கேட்டார். ஃபேனைக் குறைக்கலாமா என்று கேட்டார். இது அவளுக்குப் புதுத் தொந்தரவாகிவிட்டது.

வீட்டில் வேறு மாதிரி இருந்தது. அவள் கூட்டத்தில் சொன்னது அவளுக்கு முன்னாலேயே ஹொன்னேகத்தேக்கு வந்து சேர்ந்திருந்தது. கோயிலில் ஸ்ரீபாத ஹெக்டேயின் மனைவி பாகீரதியிடம், உங்க மருமக தைரியசாலிதான் என்று சொன்னாளாம். அது புகழ்ச்சியா குத்தலா என்று பாகீரதிக்குப் பிடிபடவில்லை. அதனால் கோபம் இரண்டு மடங்கானது. சோறு போடும்போது கரண்டி தட்டில் இடித்தது. பேச்சு நின்றுபோனது. கஜானனன் இரண்டு பேருக்கும் நடுவே உப்புக் கொண்டுவா, தண்ணீர் கொண்டுவா என்று தன்னிடமே சொல்லிக்கொண்டு எழுந்து போய்வந்தான்.

ஒருநாள் கிணற்றடியில் பாகீரதி கேட்டேவிட்டாள்.

"அதைப் போய் ஆம்பளைங்க முன்னாடி சொல்லணுமா?"

"அவங்க கேட்டாங்க அத்தை. சொன்னேன்."

பாகீரதி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மருமகள் திருப்பிச் சொன்னது தன்னுடைய வார்த்தைதான் என்பது அவளுக்கு உறைத்ததா என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாகவேணி கொட்டகையில் மணையில் உட்கார்ந்து பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே புழுக்கம். கிழக்கே வானம் கறுத்து, மலைக்குப் பின்னால் இடி உருண்டுகொண்டிருந்தது. கஜானனன் காயப்போட்ட பாக்கை அவசரமாக மூட ஓடியிருந்தான். உள்ளே, ஜன்னல் சிரட்டையில், அவள் போன் அடித்தது.

இந்த நேரத்தில் கூப்பிட, சீசனில் ஞாயிறும் சொசைட்டியிலேயே கிடக்கிற பட் தவிர யாரும் இல்லை. இடி நெருங்குகிறது, சொசைட்டியில் எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று கேட்பார். நகலுக்கான புதுப் பெட்டி இழுத்தடித்து வந்து இன்னும் நாலு நாள் ஆகவில்லை. நாகவேணி கையிலிருந்த பாக்கோடு எழுந்து கொட்டகையின் விளிம்பு வரை வந்தாள். அதற்கு மேல் துளசிமாடத்து முற்றம். அங்கேயே நின்றாள்.

மணி நின்றது. மாமியாரின் குரல் கேட்டது. யாரு, என்ன என்று கேட்டாள். அவள் 'ஆமா' என்று சொல்லப் போகிறாள் என்று நாகவேணி காத்திருந்தாள். 'பிடுங்கு' என்றோ 'விடு' என்றோ, ஏதோ ஒன்று.

"எனக்குத் தெரியாது பட்டரே," என்றாள் பாகீரதி.

அந்தப் பேச்சு நாகவேணியின் காதில் விழுந்து, அர்த்தமாக ஒரு நொடி பிடித்தது.

"தெரிஞ்சவ வெளிய இருக்கா. இருங்க."

ஜன்னல் கதவு முழுக்கத் திறந்தது. கம்பிகளுக்கிடையே பாகீரதியின் கை வெளியே நீண்டு, போனை வெளிப்புற விளிம்பில் வைத்தது. யார் கைக்கும் கொடுக்காமல், தண்ணீர்ச் செம்பைத் தள்ளி வைப்பதுபோல் வைத்துவிட்டு, அந்தக் கை உள்ளே போனது.

"வா," என்றாள் உள்ளேயிருந்து. "அங்க நின்னு பேசு. சிக்னல் கிடைக்கும்."

"முற்றத்துல கால் வைக்கணும் அத்தை."

"கண்ணு தெரியாமலா சொல்றேன்? மழை வந்துட்டிருக்கு. அப்புறம் நான் சாணி தெளிச்சுக்கறேன், வா."

நாகவேணி துளசிமாடத்தைச் சுற்றிக்கொண்டு, அந்த நாட்களில் ஒருபோதும் நின்றிராத இடத்தில் போய் நின்று, போனை எடுத்தாள். முதல் தூறல் விழுந்து அது ஈரமாகியிருந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம், இரண்டடி தள்ளி, பாகீரதி புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டபடி நின்றாள்.

"சொல்லுங்க அண்ணே."

"தங்கச்சி, இங்க மின்னல் பளிச் பளிச்சுன்னு வெட்டுது," என்றார் பட். "நான் இன்னும் எதையும் தொடல."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, நாகவேணி அதை நம்பினாள்.